பட்டியல் போட்டால் பொய் போய்விடுமா?

2025 பிப்ரவரியில் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி), தகுதியான ஆய்விதழ்களுக்கான தன் 'கேர்' பட்டியலைக் கைவிட்டது. எந்த ஆய்விதழ் தகுதியானது என்பதை இனி அந்தந்தப் பல்கலைக்கழகமும் கல்லூரியுமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று அறிவிப்பு வந்தது. அன்றிலிருந்து அருப்புக்கோட்டை, விருதுநகர், மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளின் ஆசிரியர் அறைகளில் ஒரே பேச்சுதான். "பேசாம ஸ்கோபஸ் மட்டும்தான்னு வெச்சிரணும் சார். அப்பத்தான் காசு குடுத்துப் பேப்பர் போடுறவன் ஒழிவான்." முதல்வர்கள் இதைச் சொல்கிறார்கள், துறைத் தலைவர்கள் சொல்கிறார்கள், காசு கொடுத்துப் பேப்பர் போட்டவர்களும் சொல்கிறார்கள்.

இந்தப் பேச்சுக்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. ஆய்வு மோசடி என்பது காசை வாங்கிக்கொண்டு எதையும் அச்சேற்றும் உதிரி இதழ்களின் வேலை என்பது ஒன்று. அதில் போய் விழுகிறவர்கள் பந்தல்குடி, திருச்சுழி போன்ற சிற்றூர்களிலிருந்து வந்து பிஎச்.டி. முடிக்கத் தவிக்கும் தரம் தெரியாத ஆட்கள் என்பது மற்றொன்று. ஆகவே ஸ்கோபஸ் போல நல்ல இதழ்களின் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து, அதற்கு வெளியே எழுதினால் செல்லாது என்று சொல்லிவிட்டால் நோய் தீர்ந்துவிடுமாம். நான் பந்தல்குடிக்காரன், கல்லூரி ஆசிரியன். இந்த இரண்டு நம்பிக்கைகளையும் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். இரண்டுமே தவறு என்று எழுதிவைக்க வேண்டிய நேரம் இது.

உதிரி இதழ்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கின்றன, இந்தியாதான் அவற்றின் பெரிய பண்ணை. ஹைதராபாத்தில் இருந்து இயங்கிய ஓமிக்ஸ் நிறுவனம் முறையான மதிப்பீடு இல்லாமலே கட்டுரைகளை வெளியிட்டு ஆய்வாளர்களை ஏமாற்றியது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2019இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. அதற்கு முன்பே, 2013இல், ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர் 'சயின்ஸ்' இதழுக்காக ஒரு வேலை செய்தார். வேண்டுமென்றே அப்பட்டமான பிழைகளை வைத்து ஒரு பொய்க் கட்டுரை தயாரித்து, கட்டணம் வாங்கும் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஏற்றுக்கொண்டவற்றில் இந்திய இதழ்களுக்குப் பஞ்சமில்லை.

சரி, அப்படியானால் பட்டியல் தேவைதானே? பட்டியல் போட்டுப் பார்த்தாயிற்று என்பதைத்தான் நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். 2017 ஜனவரியில் யூஜிசி முதல் பட்டியலை வெளியிட்டபோது அதில் 38,653 இதழ்கள் இருந்தன. அடுத்த ஆண்டு மே மாதத்தில் அதிலிருந்து 4,305 இதழ்களை ஒரே அறிவிப்பில் தூக்கி எறிந்தார்கள். புனேயைச் சேர்ந்த பூஷண் பட்வர்தனும் உடன் உழைத்தவர்களும் அந்தப் பட்டியலில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்ந்த இதழ்களை மட்டும் எடுத்து ஆராய்ந்து 2018இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். சர்வதேசத் தரவுத்தளங்களில் இடம்பெறாத அந்த இதழ்களில் 88 சதவீதத்துக்கும் மேல் தரமற்றவை என்று அவர்களுக்குத் தெரிந்தது. அவற்றைப் பரிந்துரைத்தவர்கள் யார்? தரம் தெரியாத பந்தல்குடி மாணவனா? பல்கலைக்கழகத்தின் லெட்டர்பேடில் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவனுக்கு ஏது? பேராசிரியர்கள்தான் பரிந்துரைத்தார்கள், தங்கள் கட்டுரை எந்த இதழில் வந்திருந்ததோ அதையே பரிந்துரைத்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள் என்று நினைக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை.

காலவரிசையைப் பார்த்தாலே கதை விளங்கும். பிஎச்.டி. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்பு ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று 2009இல் யூஜிசி விதி செய்தது. மறு வருடம் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு 'ஏபிஐ' என்ற மதிப்பெண் முறை வந்தது. ஒரு கட்டுரைக்கு இவ்வளவு புள்ளி, ஒரு கருத்தரங்குக்கு இவ்வளவு புள்ளி. அதற்குப் பிறகுதான் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணோடு இதழ்கள் ஈசல் போலக் கிளம்பின. ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர் வெளியீடு ஒன்றை அடையாளம் காண உதவும் வெறும் எண். தில்லியில் விண்ணப்பித்தால் இலவசமாகக் கிடைக்கும். தரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் எத்தனை நேர்முகத் தேர்வுகளில் "ஐ.எஸ்.எஸ்.என். இருக்கா?" என்பதே முதல் கேள்வியாகவும் கடைசிக் கேள்வியாகவும் இருந்தது என்பதை இந்தத் துறையில் இருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பிஎச்.டி.க்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை 2022 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். அதற்குள் சந்தை நன்றாக வேர்விட்டிருந்தது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியாக அதை இன்னும் வைத்திருக்கின்றன.

இப்போது ஸ்கோபஸுக்கு வருவோம்.

எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தும் ஆசிரியை ஒருவர் தன் கைபேசிக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார். "ஸ்கோபஸ், க்யூ 3. நாற்பத்தைந்து நாளில் அக்செப்டன்ஸ் உத்தரவாதம். கட்டுரை ரெடி." கீழே ஒரு தலைப்பு, கான்கிரீட்டின் வலிமையைப் பற்றியது. அதற்கும் கீழே ஆம்னி பஸ்ஸில் சீட் பார்த்துப் பதிவதுபோல ஒரு வரிசை: முதல் பெயர் முடிந்தது, இரண்டாவது, நான்காவது, ஐந்தாவது காலி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. "கான்கிரீட்டுக்கும் ஷேக்ஸ்பியருக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, "ஆனா எங்க காலேஜ்ல இதையும் நாக் தரமதிப்பீட்டுக் கணக்குல சேத்துக்குவாங்க, தலைப்பை யாரு பாக்கப் போறா?" என்றார்.

உதிரி இதழை விற்க இப்போது யாரும் இவ்வளவு மெனக்கெடுவதில்லை. விற்பனைக்கு வந்திருப்பது ஸ்கோபஸேதான். நம் முதல்வர்கள் எதை மருந்து என்கிறார்களோ அதற்கும் தரகர் இருக்கிறார். விதி மாறிய அன்றே கடையின் பெயர்ப்பலகையும் மாறிவிட்டது.

ஸ்கோபஸ் என்பது அரசு அமைப்போ அறிவியல் கழகமோ அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அது எல்செவியர் என்ற பதிப்பு நிறுவனம் 2004இல் தொடங்கிய வணிகத் தரவுத்தளம். ஆயிரக்கணக்கில் இதழ் நடத்தும் ஒரு நிறுவனம்தான் எது நல்ல இதழ் என்ற பட்டியலையும் விற்கிறது. தேர்வுக்குத் தனிக்குழு வைத்திருக்கிறார்கள், விதிகள் வைத்திருக்கிறார்கள், வாஸ்தவம். அந்த விதிகளையும் மீறி, உண்மையான இதழ்களின் பெயரைத் திருடி நகல் வலைத்தளம் நடத்திய கும்பல்கள் ஸ்கோபஸுக்குள் நுழைந்திருக்கின்றன. 2023இல் ரஷ்யாவைச் சேர்ந்த ஆய்வாளர் அன்னா அபால்கினா இப்படி 60க்கும் மேற்பட்ட இதழ்களை எண்ணிக் காட்டினார்.

நுழைந்த திருடர்களை விடுங்கள். வீட்டுக்காரர்கள் எப்படி? ஹிந்தாவி என்ற நிறுவனம் 1997இல் கெய்ரோவில் தொடங்கியது. அதை அமெரிக்காவின் பழம்பெரும் பதிப்பகமான வைலி 2021இல் 29.8 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இதழ்கள் பட்டியலில் இருந்தன, தர எண்கள் இருந்தன, எல்லாம் இருந்தது. 'சிறப்பிதழ்' என்ற பெயரில் விருந்தினர் ஆசிரியர்களிடம் சாவியைக் கொடுத்தார்கள். பேப்பர் ஆலைகள், அதாவது கட்டுரைகளைத் தயாரித்து விற்கும் தொழிற்கூடங்கள், அந்த வழியாக உள்ளே வந்தன. 2023இல் மட்டும் ஹிந்தாவி 8,000க்கும் அதிகமான கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அந்த ஆண்டு உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டவை 10,000ஐத் தாண்டின. முன்பு எந்த ஆண்டும் அப்படி நடந்ததில்லை. 2024இல் 19 இதழ்களை வைலி மூடியது. எல்செவியரின் சொந்த இதழான 'மைக்ரோபிராசசர்ஸ் அண்ட் மைக்ரோசிஸ்டம்ஸ்' தன் சிறப்பிதழ்களில் வந்த 400க்கும் மேற்பட்ட கட்டுரைகளின் மீது சந்தேகக் குறிப்பு போட நேர்ந்தது 2021இல். அந்த நிறுவனங்கள் ஒன்றும் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கவில்லை.

இந்தியக் கதைகளும் இதையே சொல்கின்றன. திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004க்கும் 2007க்கும் இடையில் வெளியிட்ட சுமார் 70 கட்டுரைகள் திருட்டும் புனைவும் என்று 2008இல் தெரியவந்தது. தன் பல்கலைக்கழகத்தில் இல்லவே இல்லாத கருவிகளால் அளந்ததாக எழுதியிருந்தார். கட்டுரைகள் வந்ததெல்லாம் இருபதுக்கும் மேற்பட்ட சர்வதேச இதழ்களில். இன்னும் பக்கத்தில் வருவோம். எங்கள் விருதுநகர் மாவட்டத்திலேயே, கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகம் 2012இல் ஒரு பேராசிரியரைப் பணிநீக்கம் செய்தது. அவரிடம் ஆய்வு செய்த ஆறு மாணவர்களின் பிஎச்.டி. பதிவையும் ரத்து செய்தது. சர்வதேச இதழ்களில் வந்த கட்டுரைகளில் சோதனைப் படங்களைத் திரித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நிர்வாகம் நடவடிக்கை எடுத்ததே பெரிய விஷயம். எத்தனையோ இடங்களில் விசாரணைக் குழுவோடு விஷயம் உறங்கிவிடும். அந்தக் கட்டுரைகளை 'நல்ல இதழ், நல்ல பட்டியல்' என்ற சல்லடை எதுவும் தடுக்கவில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து படங்களை உற்றுப் பார்த்தபோதுதான் வெளியே வந்தது. நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக் 40 இதழ்களில் வந்த 20,621 கட்டுரைகளின் படங்களைக் கண்ணால் பார்த்து 2016இல் கணக்கு சொன்னார்: 3.8 சதவீதத்தில் கோளாறு. அவர் பார்த்த இதழ்கள் எல்லாமே மதிப்புள்ளவை.

இதில் எனக்குப் படுவது இதுதான். பட்டியல் என்பது படிக்காமலே மதிப்பிடுவதற்கு நாம் செய்துகொண்ட வசதி. மோசடி உயிர் வாழ்வது இதழின் அட்டையில் இல்லை, அந்த வசதியில்தான். கேர் என்றாலும் ஸ்கோபஸ் என்றாலும் நாளைக்கு வேறு பெயர் வந்தாலும், கட்டுரையைத் திறக்காமல் எண்ணிக்கை போடுகிற குழு ஒன்று மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்வரை இந்தப் பக்கத்தில் தரகருக்கு வேலை இருக்கும்.

மோசடியைச் சதவீதத்தால் பிடிக்கலாம் என்ற நம்பிக்கையும் இதே ரகம். 2018இல் யூஜிசி கொண்டுவந்த விதியின்படி ஒப்புமை 10 சதவீதம்வரை இருந்தால் குற்றமில்லை. அதற்கு மேல் 40, 60 என்று படிப்படியாகத் தண்டனை. உடனே என்ன நடந்தது? திருடியதைத் திருடியதாகத் தெரியாமல் எழுதித் தரும் மென்பொருளுக்குக் கிராக்கி வந்தது. பிரெஞ்சு கணினி அறிவியலாளர் கியோம் கபனாக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 2021இல் இப்படி மாற்றி எழுதப்பட்ட சொற்களைத் தேடி எடுத்து அள்ளிப் போட்டார்கள். செயற்கை நுண்ணறிவு 'போலி உணர்வு' ஆகியிருந்தது. மார்பகப் புற்றுநோய் 'நெஞ்சு ஆபத்து' ஆகியிருந்தது. ஒப்புமை அறிக்கையில் பச்சை விளக்கு எரியும். படித்தால் ஒரு வரி புரியாது. மதிப்பீட்டாளர், ஆசிரியர், வழிகாட்டி, இவர்களில் ஒருவராவது ஒரு பக்கம் படித்திருந்தால் அந்தச் சொற்கள் அச்சேறியிருக்குமா?

இரண்டாவது நம்பிக்கையைப் பார்க்கலாம்: சிற்றூர்க்காரர்கள்தான் தரத்தைக் கெடுக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய். சுயநிதிக் கல்லூரிகளில் அதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவர்களை எனக்குத் தெரியும். 'நேச்சர்' இதழில் எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி ஒரு கட்டுரை வெளியிட 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. அந்தக் கௌரவ விரிவுரையாளரின் மூன்று வருடச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வரும் தொகை. அவ்வளவு மேலே போக வேண்டாம், நடுத்தரமான ஸ்கோபஸ் இதழ்களிலேயே கட்டணம் ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். கட்டணம் கேட்காத நல்ல இதழ்கள் உண்டு. அங்கே முடிவு தெரிய ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகும். ஆண்டுதோறும் கணக்குக் காட்டச் சொல்லும் நிர்வாகம் அதற்குப் பொறுக்காது. ஆகவே ஸ்கோபஸ் மட்டும் என்று விதித்தால், ஏற்கெனவே ஏமாற்றியவன் இன்னும் கொஞ்சம் அதிகம் கொடுத்து ஏமாற்றுவான். நேர்மையாக உழைத்து, கையில் காசில்லாதவன்தான் வெளியே நிற்பான். தமிழில் ஆய்வு செய்கிறவன் நிலை அதைவிட மோசம். எந்த மொழி இதழானாலும் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் வேண்டும் என்று கேட்கும் தரவுத்தளத்தில், கரிசல் காட்டு வாய்மொழி வழக்காறுகளைப் பற்றித் தமிழில் எழுதும் கட்டுரைக்கு எந்த மூலையில் இடம் தேடுவது?

பெரிய இடத்தில் கட்டுரை எண்ணிக்கை எப்படிப் பெருகுகிறது என்பதற்கும் நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. சென்னையின் சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் இளநிலை மாணவர்களைத் தேர்வு மண்டபத்தில் உட்கார வைத்து ஆய்வுக் கட்டுரை எழுத வைப்பதாகவும், அந்தக் கட்டுரைகள் கல்லூரியின் சொந்தக் கட்டுரைகளையே மேற்கோள் காட்டிக் குவிப்பதாகவும் 2023 ஜூனில் 'சயின்ஸ்' இதழும் 'ரிட்ராக்ஷன் வாட்ச்' அமைப்பும் விரிவாக எழுதின. கல்லூரித் தரப்பு தவறில்லை என்றது. யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்பு எழுத வரவில்லை. மேற்கோளை எண்ணித் தரவரிசை போடும் முறை இருந்தால் மேற்கோளை உற்பத்தி செய்யும் முறையும் வரும் என்பதற்கு மேல் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசையில், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைப்பது என்று 2025இல் முடிவெடுத்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால், தன் தவறைத் தானே உணர்ந்து கட்டுரையைத் திரும்பப் பெற நினைக்கும் நாணயமான ஆய்வாளரை "பேசாம இருங்க, ரேங்க் போயிரும்" என்று நிர்வாகமே அடக்கவும் அது வழி செய்யும்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்றை மட்டும் நான் லேசாகத் தள்ளமாட்டேன். எண்ணிக்கையை எடுத்துவிட்டால் வேலை சாதிக்காரனுக்கும் சிபாரிசு வைத்திருப்பவனுக்கும் பணம் கொடுத்தவனுக்கும் போய்விடும். படிக்கிறேன் பேர்வழி என்று குழு தன் ஆளுக்கே மார்க் போடும். பேப்பர் எண்ணிக்கை கண்ணில்லாதது, அதனால் பாரபட்சம் பார்க்காது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் இந்தப் பயம் நியாயமானது. எத்தனையோ திறமைசாலிகள் நேர்காணலில் ஊரையும் தெருவையும் கேட்கப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

பயம் நியாயம். அதற்குச் சொல்லும் மருந்துதான் வேலை செய்யவில்லை. 2018 பிப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரை லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. உதவிப் பேராசிரியர் வேலைக்கு லஞ்சம் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. அது புள்ளிக் கணக்கு இல்லாத பழைய காலம் அல்ல. கட்டுரைக்கு இவ்வளவு புள்ளி என்று எண்ணிக்கொண்டிருந்த காலம். எண்ணிக்கை ஆட்சி செய்த வருடங்களிலும் பேரம் நடந்துகொண்டுதான் இருந்தது. கூடவே இன்னொரு செலவு சேர்ந்தது: வேலைக்குக் கொடுப்பதற்கு முன்பு பேப்பருக்கும் கொடுக்க வேண்டும். பாரபட்சத்தை அடக்க எண்ணிக்கையை விடப் பழைய வழி ஒன்று இருக்கிறது, வெளிச்சம். விண்ணப்பதாரர் தன் சிறந்த மூன்று கட்டுரைகளைக் கொடுக்கட்டும். குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் அவற்றைப் படித்துத் தன் கருத்தை அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்திடட்டும். தேர்வு முடிந்ததும் அது பல்கலைக்கழக வலைத்தளத்தில் ஏறட்டும். தன் ஆளுக்காகப் பொய் சொல்ல விரும்புகிறவர் தன் பெயர் போட்டுப் பொய் எழுத வேண்டியிருக்கும். நாளைக்கு அதே துறைக்காரர்கள் கட்டுரையையும் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எண்ணிக்கையை விட்டு உள்ளடக்கத்தைப் பாருங்கள் என்று 2018இலேயே இந்திய தேசிய அறிவியல் கழகம் சொல்லிவிட்டது. கேட்கத்தான் ஆளில்லை.

வழிகாட்டிகளையும் இங்கே விட்டுவிட முடியாது. மாணவன் எழுதிய எல்லாவற்றிலும் தன் பெயர் வரவேண்டும், பிரச்சினை வந்தால் மட்டும் "அந்தப் பையன்தான் டேட்டா எடுத்தான்" என்பது எங்கும் கேட்கும் பாட்டு. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நெறியின்படி, கட்டுரையில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் முழுக் கட்டுரைக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அதை ஒரு வரியில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பிஎச்.டி. விதியில் எழுதிவைக்கலாம்; பைசா செலவில்லை. மூலத் தரவு, அதாவது களக்குறிப்பு, ஆய்வகப் பதிவேடு, ஒலிப்பதிவு எல்லாம் துறையில் வைக்கப்பட வேண்டும் என்பதும் அப்படியே. ஆய்வேடுகளைத்தான் 'சோத்கங்கா' இணையக் களஞ்சியத்தில் ஏற்றுகிறோமே, அதற்குப் பின்னால் இருந்த நோட்டுப் புத்தகங்கள் எங்கே என்று யாராவது கேட்டதுண்டா?

எங்கள் வானம் பார்த்த பூமியில் ஆய்வுக்குக் கேள்விகள் குறைவில்லை. பந்தல்குடியைச் சுற்றிச் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள் இருக்கின்றன. பக்கத்துக் காடுகளில் மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் என்ன ஆயின? கண்மாயெல்லாம் சீமைக்கருவேலம் நிற்கிறது; அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்றுத்தான் பல குடும்பங்கள் சாப்பிடுகின்றன; மரத்தைப் பிடுங்கு என்று சொல்லும்போது அந்தக் குடும்பங்கள் எங்கே போகும்? குதிரைவாலியும் கம்பும் விதைத்த கரிசலில் மக்காச்சோளம் ஏன் ஏறியது? அருப்புக்கோட்டை பக்கம் கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இந்தக் கேள்விகளில் ஒன்றை எடுத்து மூன்று மழைக்காலம் களத்தில் நின்று எழுதும் மாணவிக்கு, மூன்று வருடத்தில் ஒரே கட்டுரைதான் வரும். வாட்ஸ்அப்பில் சீட் வாங்கியவருக்கு அதே காலத்தில் ஒன்பது வரும். இன்றைய கணக்கில் ஒன்பதுதான் ஜெயிக்கும், இரண்டு பக்கமும் ஸ்கோபஸாகவே இருந்தாலும்.

எனவே பல்கலைக்கழகங்களின் கல்விக்குழுக்களிலும் கல்லூரிகளின் தேர்வுக்குழுக்களிலும் உட்காரும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய பட்டியல் தயாரிக்கக் குழு அமைக்காதீர்கள். அடுத்த நேர்காணலுக்கு வரும்போது, எதிரே உட்காரப் போகிறவரின் கட்டுரைகளில் ஒன்றையாவது முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டு வாருங்கள். அதிலிருந்து மூன்று கேள்வி கேளுங்கள். கான்கிரீட்டின் வலிமையைப் பற்றி எழுதிய ஆங்கில ஆசிரியர் அந்த இடத்திலேயே தெரிந்துவிடுவார்.